காளையை நோக்கி ஓடுகிற கோமாளி

ஹூஸ்டனில் இருக்கிற தமிழர்கள் பலரும் மார்ச் மாதம் வந்தால் குடும்பத்தோடு ரோடியோவுக்குப் போகிறோம். கௌபாய்கள் முரட்டுக் குதிரை மேலும் காளை மேலும் சவாரி செய்து போட்டியிடுகிற விழா அது. போய் வந்து எல்லோரும் பேசுவது காளைச் சவாரியையும், ஆட்டின் மேல் தொற்றிக்கொண்டு போகும் ஐந்து வயதுக் குழந்தைகளையும் பற்றித்தான். கோமாளியைப் பற்றிக் கேட்டால், "அவர் இடையில் சும்மா சிரிப்பு காட்ட வருபவர்" என்கிறார்கள். இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அந்த மைதானத்தில் அதிக மரியாதைக்குரியவர் அவர்தான் என்பது என் உறுதியான கருத்து.

குதிரை தள்ளிவிட்ட ஆளைப் பெரும்பாலும் மிதிக்காமல் விலகிப் போய்விடும். காளை அப்படியில்லை, திரும்பி வந்து முட்டும். 1920களில் பிராமன் இனக் காளைகள் ரோடியோவுக்கு வந்தன. இந்தியாவிலிருந்து போன திமில் மாடுகளின் வழிவந்த இனம் அது. பலமும் வேகமும் அதிகம். அதுவரை கூட்டத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த கோமாளிக்கு, கீழே விழுந்தவனை விட்டுவிட்டு காளை தன்னைத் துரத்தும்படி செய்கிற வேலையும் அப்போதுதான் சேர்ந்தது. தொளதொள சட்டை, சாயம் பூசிய முகம், கோணல் நடை எல்லாம் காளையின் கொம்புக்கு முன்னால் நடக்கிற நகைச்சுவை ஆனது.

இன்று அந்த வேலை இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஆயுதம் ஏதுமில்லாமல் காளைக்குக் குறுக்கே பாய்ந்து ஆளைக் காப்பவர்கள் புல்ஃபைட்டர்கள். மைக்கில் பேசிச் சிரிக்க வைப்பவர் பேரல்மேன். உள்ளே மெத்தை வைத்த உலோகப் பீப்பாய்தான் அவருக்குப் பாதுகாப்பு. காளை முட்டினால் பீப்பாயோடு அவரும் உருள்வார். மொன்டானாவில் கணக்கு வாத்தியாராக இருந்த ஃபிளின்ட் ராஸ்முசன் எட்டு முறை ஆண்டின் சிறந்த கோமாளியாகத் தேர்வானவர். ஹூஸ்டன்காரர்களுக்குப் பழக்கமான கோமாளி லியான் காஃபி இந்த வேலையில் உடைத்துக்கொண்ட எலும்புகள் ஏராளம்.

சவாரி செய்தவன் மணலில் அசையாமல் கிடக்கிறான், மருத்துவக் குழு ஓடுகிறது, அரங்கமே உறைந்துபோய் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும், அடிபட்டவன் எழுந்து கை அசைத்த பிறகு எப்போது முதல் வார்த்தையைப் பேச வேண்டும் என்பது பேரல்மேனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எத்தனை மேடை நகைச்சுவையாளர்களுக்கு இது வரும்? 1989இல் வயோமிங் மாநிலத்தின் ஷையான் ரோடியோவில் காளைச் சவாரி வீரர் லேன் ஃபிராஸ்ட், காளை மேல் தாக்குப்பிடிக்க வேண்டிய எட்டு விநாடியை முடித்து இறங்கிய பிறகுதான் காளை பின்னாலிருந்து முட்டியது. விலா எலும்புகள் உடைந்து 25 வயதில் இறந்துபோனார். வீரர்கள் இன்று அணிகிற பாதுகாப்புக் கவசம் அதற்குப் பிறகு வந்ததுதான். அப்படிப்பட்ட மண்ணில் நின்றுகொண்டுதான் பேரல்மேன் பேசுகிறார்.

கௌபாய்களுக்கே உள்ள நகைச்சுவையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1936இல் பாஸ்டனில் பரிசுப் பணம் போதாது என்று வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். சங்கத்துக்குக் கௌபாய் ஆமைகள் சங்கம் என்று பெயர் வைத்தார்கள். ஒன்று சேர மெதுவாகத்தான் வந்தோம், ஆனாலும் கடைசியில் கழுத்தை நீட்டிவிட்டோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். இன்றைய தொழில்முறை ரோடியோ அமைப்பின் தொடக்கம் அந்தச் சங்கம்தான்.

ஆனால் ரோடியோவில் எழும் எல்லாச் சிரிப்பும் எனக்கு ஒன்றல்ல. 2013இல் மிசூரி மாநிலக் கண்காட்சியில் ஒருவர் ஒபாமா முகமூடி போட்டு வந்தார், காளை இவரை மிதிக்கட்டுமா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்கள். அதில் எந்தத் திறமையும் இல்லை, வெறுப்புதான் இருந்தது. அதற்குக் காரணமான கோமாளி அங்கே இனி வரக்கூடாது என்று தடை செய்தது சரியான முடிவு.

அதைவிட என்னைக் கொதிக்க வைப்பது லூசியானாவின் அங்கோலா சிறை ரோடியோ. 1965இல் தொடங்கியது, இன்றும் அக்டோபர் மாத ஞாயிறுகளில் டிக்கெட் போட்டு நடத்துகிறார்கள். நான்கு கைதிகள் மேசையைச் சுற்றிச் சீட்டாடுவதுபோல் உட்கார வேண்டும். காளையை அவிழ்த்து விடுவார்கள். கடைசி வரை நாற்காலியை விட்டு எழாதவருக்குப் பரிசு. காளை மேசையைத் தூக்கி எறியும்போது கூட்டம் கைதட்டிச் சிரிக்கிறது. பேரல்மேன் பல வருடம் பழகிக் கற்றுக்கொண்டு இறங்குகிறார், அவருக்குப் பீப்பாயும் இருக்கிறது. இவர்களுக்கு என்ன இருக்கிறது? "தாங்களாகத்தானே பேர் கொடுத்தார்கள்" என்பார்கள். அந்தச் சிறையில் ஒரு மணி நேர வேலைக்குக் கூலி பெரும்பாலும் 2 முதல் 20 சென்ட். அந்தக் கூலி வாங்குகிற மனிதனிடம் பரிசுப் பணத்தைக் காட்டிவிட்டு அவனாகவே வந்தான் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தச் சீட்டு மேசையை மைதானத்திலிருந்து அவர்கள் எடுத்தே ஆக வேண்டும்.