அப்பாவின் நீளநோட்டு

சென்ற வாரம் எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. 'மிக அவசரம். ஓ நெகட்டிவ் ரத்தம் உடனடியாகத் தேவை. மதுரையில் ஆபரேஷன். அனைவருக்கும் பகிரவும்.' கீழே ஒரு கைப்பேசி எண். பத்து நிமிடத்துக்குள் பதினேழு பேர் கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டார்கள். நான் அந்த எண்ணை அழைத்தேன். எடுத்தவர் கோபப்படவில்லை. மிகவும் களைத்த குரலில் சொன்னார்: "சார், அது என் மனைவிக்காகப் போட்டது. இரண்டு வருடம் ஆகிவிட்டது. அவள் நன்றாக இருக்கிறாள். இன்றைக்கும் தினம் நாலு பேர் கூப்பிடுகிறார்கள்."

செய்தியில் தேதி இல்லை. அதனால் இரண்டு வருடமாக அது அவசரமாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது. அன்று இரவு நான், ரத்தம் கொடுப்பவர்களின் விவரங்களை அப்பா எழுதிவைத்திருக்கும் நீளநோட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் தேதி இல்லாத வரி ஒன்றுகூட இல்லை.

என் அப்பா கோவில்பட்டியில் தபால்காரராக இருந்தவர். 1975இல் வேலையில் சேர்ந்து 2013இல் ஓய்வு பெற்றார். பகலெல்லாம் சைக்கிளில் கடிதமும் மணியார்டரும் கொண்டுபோவார். இரவில் அதே சைக்கிளில் ரத்தம் கேட்டுப் போவார். ஊரில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் குறைவு. போஸ்ட்மேன் அண்ணாச்சி என்றால்தான் தெரியும்.

எதனால் இதில் இறங்கினார் என்று அவர் எங்களிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். 1977 ஐப்பசி. நாலாட்டின்புதூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்குத் தந்தி வந்தது. மழையில் கரிசல் மண் மட்கார்டில் அப்பிக்கொள்ள, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து போயிருக்கிறார். அந்த வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது. வாசலில் நின்று அவரே வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது: பிரசவத்துக்குப் போன மகள் இறந்துவிட்டாள். பத்து நாள் கழித்து அதே வீட்டுக்கு மணியார்டர் கொண்டுபோனபோதுதான் அவளுடைய தாய் சொன்னாராம், ரத்தம் கிடைக்காமல் போய்விட்டாள் என்று. அந்த மாதமே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிப்போய் முதல் முறை ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு.

இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. அந்தக் காலத்தில் தபால்காரர் இரவில் கதவைத் தட்டினால் தந்தி என்றுதான் அர்த்தம். தந்தி என்றால் சாவு. அப்பா ரத்தம் கேட்டு நள்ளிரவில் போய் நிற்கும்போது, கதவைத் திறந்த பெண்கள் அவர் முகத்தைப் பார்த்தவுடனே அழத் தொடங்கிவிடுவார்கள். இரண்டு மூன்று முறை இப்படி ஆன பிறகு, தட்டுவதற்கு முன்பே தெருவிலிருந்து குரல் கொடுக்கப் பழகிக்கொண்டார்: "தந்தி இல்லை, தந்தி இல்லை! ரத்தத்துக்கு வந்திருக்கிறேன்." நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிந்தது. அதே வருடம் அப்பாவும் ஓய்வு பெற்றார். எங்கள் தெருப் பெரியவர்கள் சிலருக்கு அந்தக் குரல் இன்னும் நினைவிருக்கிறது.

நீளநோட்டைப் பற்றிச் சொல்கிறேன். பெயர், தெரு, அடையாளம், குரூப், கடைசியாகக் கொடுத்த தேதி, அடுத்துக் கொடுக்கக்கூடிய தேதி. ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம் இடைவெளி வேண்டும் என்பது விதி. நெகட்டிவ் குரூப்காரர்கள் சிவப்பு மையில். நம் பக்கத்தில் நூறு பேரில் ஐந்தாறு பேருக்குத்தான் நெகட்டிவ் இருக்கும் என்பதால், அவர்கள் வீடு மாறினால் புது முகவரி அன்றே ஏறிவிடும். மற்ற எல்லாம் பேனாவில் இருக்கும். அடுத்த தேதி மட்டும் பென்சிலில். ஒருவர் கொடுத்துவிட்டு வந்தவுடன் பழைய தேதியை ரப்பரால் அழித்துவிட்டுப் புதியதை எழுதுவார். நீண்ட நாள் கொடையாளர்களின் பக்கங்களில் அந்த ஒரு கட்டம் மட்டும் தேய்ந்து தேய்ந்து வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிந்துவிட்டது. விரலால் தடவினால் தெரியும்.

நான் இன்று சொல்ல வந்தது இந்தப் பென்சில் தேதியைப் பற்றித்தான். ரத்தம் தேவைப்படும்போது ஓடுவதைத்தான் நாம் சேவை என்று கொண்டாடுகிறோம். அப்பாவுக்கு அதில் உடன்பாடு கிடையாது. இரவில் கதவைத் தட்ட வேண்டியிருந்ததே தன்னுடைய தோல்வி என்று நினைத்தவர் அவர். குழாய் குத்திய நோயாளிக்கு முன்னால் நின்றுகொண்டு தேடக் கூடாது, ரத்தம் ஏற்கெனவே பரிசோதனை முடிந்து ரத்த வங்கியின் குளிர்பெட்டியில் இருக்க வேண்டும் என்பார்.

இதில் அவர் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. ஆஸ்பத்திரி வாசல்களில் ரத்தம் விற்றுப் பிழைப்பவர்கள் காத்திருந்த காலத்தைப் பார்த்தவர். வறுமையில் வாரத்துக்கு ஒரு இடமாகக் கொடுத்து உடல் வற்றியவர்கள். அவர்கள் மேல் அவருக்குக் கோபம் இருந்ததில்லை. வாங்குபவர்கள் மேல்தான் இருந்தது. 1986இல் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பிறகு அந்தப் பயம் எல்லோரையும் பிடித்தது. உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்து, 1998 ஜனவரி 1 முதல் ரத்தத்தை விற்பது தடை செய்யப்பட்டது. தடை வந்ததும் அந்த இடத்தை நிரப்பியவர்கள் யார்? பெரும்பாலும் நோயாளியின் சொந்தக்காரர்கள். "ஒரு யூனிட் ஏற்றினால் ஒரு யூனிட் கொடுத்துவிட்டுப் போங்கள்." இது ஆபத்து என்று அப்பா சொல்வார். மைத்துனருக்காக நெருக்கடியில் வந்து நிற்பவன், போன மாதம் மஞ்சள்காமாலை வந்ததைச் சொல்வானா? வெளியே சொல்ல முடியாத பழக்கம் இருந்தால் மாமனார் முன்னால் ஒப்புக்கொள்வானா? தொற்று ஏறிய முதல் சில நாட்களில் பரிசோதனையிலும் தெரியாது. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் தானாக வருபவன்தான் உண்மையைச் சொல்லி, "இந்த முறை வேண்டாம்" என்று திரும்பிப் போவான். அப்படித் திரும்பிப் போனவர்களின் பெயருக்கு எதிரே அப்பா ஒரு நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறார்.

பிறந்தநாள் முகாம்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எந்தக் கட்சியையும் மன்றத்தையும் குறை சொல்வதற்காக அல்ல. ஒரே நாளில் இருநூறு பேரைப் படுக்க வைத்து ரத்தம் எடுத்துப் படம் போடுகிறார்கள். சிவப்பணுக்களை அதிகபட்சம் 42 நாள் வைக்கலாம். தட்டணுக்களை (பிளேட்லெட்) ஐந்தே நாள். டெங்குக் காய்ச்சலில் தட்டணு தேவைப்படும் பிள்ளைக்குப் போன மாதத்து முகாம் உதவாது. அதே இருநூறு பேரும் மூன்று மாதத்துக்கு மறுபடி கொடுக்க முடியாது. அப்பா விழா நடத்துகிறவர்களின் வீட்டுக்கே போய்க் கேட்பார்: இருநூறு வேண்டாம், வாரம் பதினைந்து பேரை அனுப்புங்கள். ஒப்புக்கொண்டவர்கள் மிகச் சிலர். மே மாதம் கல்லூரிகள் மூடியவுடன் ரத்த வங்கிகள் காய்ந்துவிடும். அதற்காகவே தனிப் பக்கம் வைத்திருந்தார்: தீப்பெட்டி ஆபீஸ் தொழிலாளர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், மில் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள். இவர்களை ஜனவரியில் யார் கேட்டாலும் கொடுக்கமாட்டார். "மே மாதத்து ஆட்கள், விட்டுவிடு" என்பார்.

அம்மாவைப் பற்றி எழுதாமல் இதை முடித்தால் அது பொய்யாகிவிடும்.

அப்பா ஊருக்கு உழைத்தார் என்று பாராட்டு விழாவில் பேசுகிறார்கள். அந்த உழைப்புக்கான விலையில் பாதி எங்கள் வீட்டிலிருந்து போனது. செண்பகவல்லி அம்மன் தேரோட்டத்தில் எங்களைக் கூட்டத்தில் நிறுத்திவிட்டு அவர் போனார்; அம்மாதான் இரண்டு பிள்ளைகளையும் இடுப்பிலும் கையிலுமாகப் பிடித்து நின்றார். வீட்டுக்குத் தொலைபேசி வந்த பிறகு இரவு அழைப்புகளை எடுத்தது அம்மா. எந்த குரூப், எத்தனை யூனிட், எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணிக்குள்: நான்கு கேள்வி கேட்டு எழுதிவைத்துவிட்டுத்தான் அப்பாவை எழுப்புவார். முகாம் நாட்களில் கொடையாளர்களுக்கு இட்லியும் அம்மாதான்.

2000இல் ஒரு முகாமில், தானும் கொடுக்கிறேன் என்று அம்மா வரிசையில் நின்றார். விரல் நுனியில் குத்தி ஒரு துளியை மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் விடுவார்கள். ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் துளி நேராக அடியில் போய் உட்காரும். இல்லையென்றால் தயங்கி மேலேயே நிற்கும். அம்மாவின் துளி அந்த நீலத் திரவத்தில் சற்றே இறங்கி, மறுபடி மேலேறி மிதந்தது. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அப்பா அந்தக் கண்ணாடிக் குப்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஊரிலுள்ள அத்தனை பேருடைய ரத்தத்தையும் கணக்கு வைத்திருந்த மனிதர் அவர்.

அன்று இரவு முதல் எங்கள் வீட்டில் அம்மா கடைசியாகச் சாப்பிடும் வழக்கம் நின்றது. அவர் உட்காராமல் அப்பா தட்டைத் தொடமாட்டார். முருங்கைக்கீரை வாரம் மூன்று நாள், அதை ஆய்ந்து கொடுப்பது அப்பா. டாக்டர் எழுதிய இரும்புச்சத்து மாத்திரையை இரவில் எடுத்துக் கையில் கொடுப்பார். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது என்று யாரோ சொல்ல, இருவருமே அந்த டீயை விட்டார்கள். பதினோரு மாதம் கழித்து அம்மாவின் துளி அடியில் போய் உட்கார்ந்தது. நோட்டில் ஏ1 பாசிட்டிவ் பக்கத்தில், முகவரிக் கட்டத்தில் 'வீடு' என்று மட்டும் எழுதி அம்மாவின் பெயர் இருக்கிறது.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பொதுச்சேவைக்குப் போகிற ஆண்கள், முதலில் தங்கள் வீட்டில் யார் எப்போது சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். நான் இதை அப்பாவுக்கு எதிராக எழுதவில்லை. பார்த்த பிறகு மாறிக்கொண்டவர் அவர்.

2018இல் 65 வயது முடிந்தது. அதற்கு மேல் எடுக்கமாட்டார்கள். கடைசி முறை கொடுத்துவிட்டு வந்து, தன் பெயருக்கு எதிரே இருந்த பென்சில் தேதியை அழித்தார். வேறு எதுவும் எழுதாமல் நோட்டை மூடினார். அடுத்த நாள் வழக்கம்போல ஒருவருக்கு நினைவூட்டத் தொலைபேசியை எடுத்துவிட்டார். இப்போது 72 வயது. கண் மங்கிவிட்டது, எழுதுவது நான், சொல்வது அவர்.

நண்பர்களே, அடுத்த முறை அப்படி ஒரு செய்தி வந்தால் பகிர்வதற்கு முன் அந்த எண்ணை அழையுங்கள். நீங்களே போடுவதாக இருந்தால் தேதியும் ஆஸ்பத்திரியின் பெயரும் எத்தனை மணிவரை என்பதும் சேருங்கள். கிடைத்தவுடன் நீக்குங்கள். எந்த ரத்த வங்கியில் என்ன குரூப் இருப்பு என்பதை மத்திய அரசின் ஈ-ரக்தகோஷ் இணையதளத்தில் பார்க்க முடியும். பதினெட்டு வயதும் 45 கிலோ எடையும் உடல்நலமும் இருந்தால், யாரும் கேட்கும் முன்பே ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு போங்கள்.

அந்த மதுரைக்காரரின் கதையை மறுநாள் காலை அப்பாவிடம் சொன்னேன். இரண்டு வருடமாகத் தினம் நாலு பேர் கூப்பிடுகிறார்களாம் என்றேன். அப்பா யோசித்துவிட்டுக் கேட்டார்:

"அவர் என்ன குரூப்?"

நான் கேட்டிருக்கவில்லை. மறுபடி அழைத்தேன். பி பாசிட்டிவ், இதுவரை கொடுத்ததே இல்லை, மனைவிக்கு யாரோ முன்பின் தெரியாத பையன் வந்து கொடுத்தான் என்றார். இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன் என்றும் சொன்னார். அப்பா பென்சிலை எடுத்துக் கொடுத்தார்.