ஜும்மரை நம்பி விழாதீர்கள்

சிங்கப்பூர் டெய்ரி ஃபார்ம் பாறையில் ஒரு பையன் தனியாக ஏறுகிற அந்த வீடியோவின் கீழே நான் எழுதியதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். வந்த பதில்களையும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். இன்று காலை, "கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கிறவர் பாறை ஏறுவதைப் பற்றிப் பேசலாமா" என்று ஒரு தம்பி எழுதியிருந்ததைப் படித்த பிறகு மனசு கேட்கவில்லை.

நான் சொன்னது ஒன்றுதான். அந்தப் பையன் மேலிருந்து தொங்கும் கயிற்றில் தனியாக ஏறுகிறான். நெஞ்சில் பல் வைத்த அசெண்டர், அதாவது கயிற்றில் மேலே நகரும், கீழே வராமல் பிடித்துக்கொள்ளும் கருவி, அது மட்டும்தான். கயிற்றின் அடியில் எடை கட்டவில்லை. அதனால் அவன் ஏற ஏற அசெண்டர் கயிற்றையும் சேர்த்துத் தூக்குகிறது, தலைக்கு மேலே தொய்வு சேர்கிறது. ஒரு இடத்தில் ஒரு மீட்டர் இருக்கும். அங்கே கை வழுக்கியிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அதற்குத்தான் பயந்தாங்கொள்ளி என்ற பட்டம்.

ஜும்மர் என்று நாம் பொதுவாகச் சொல்லும் இந்தச் சாதனம் 1958ல் சுவிட்சர்லாந்தில் வந்தது. உள்ளே கயிற்றை அழுத்தும் கேம் என்ற துண்டில் உள்ள சாய்ந்த பற்கள் கயிற்றின் மேலுறையைக் கடித்துப் பிடிக்கும். சேறு, ஈரம், பனி எதுவானாலும் பிடிக்கும். ஏறுவதற்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. ஆனால் அதே பல்தான் சிக்கல். சுமார் 4 முதல் 6 கிலோநியூட்டன் விசை திடீரென்று வந்தால் உறை கிழிந்து உரிந்துவிடும். நானூறு கிலோவைத் தொங்கவிட்ட மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 கிலோ ஆள் நீளாத கயிற்றில் ஒரு மீட்டர் விழுந்தாலே அந்த அளவை எட்டிவிட முடியும். மேலே கயிறு கட்டியிருக்கும் ஆங்கருக்குப் பக்கத்தில் போகப் போக இன்னும் மோசம், அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளக் கயிற்றின் நீளமே இருக்காது.

விழுவதைத் தாங்க ரோப் கிராப் என்ற வேறு சாதனம் இருக்கிறது. பெட்சல் நிறுவனத்தின் அசாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சக்கரம் நம்மோடு மேலும் கீழும் உருண்டு வரும், வேகம் கூடினால் பூட்டிக்கொள்ளும், கூடவே அதிர்ச்சி உறிஞ்சி மாட்டுவோம். கயிற்றில் தொங்கி வேலை செய்வோருக்கான EN 12841 என்ற ஐரோப்பியத் தரநிலையே, விழுந்தால் பிடிக்கும் பாதுகாப்புக் கயிற்றில் போடுவது A வகை, ஏறுவது B வகை, இறங்குவது C வகை என்று பிரித்து வைத்திருக்கிறது. B வகையை A வகையின் இடத்தில் மாட்டாதீர்கள் என்றேன். இதில் எங்கே திமிர் வந்தது?

"எவரெஸ்டில் ஜும்மரை வைத்துத்தானே ஏறுகிறார்கள்" என்கிறார் ஒருவர். சரிதான். அங்கே கயிறு பெரும்பாலும் பனிச் சரிவில் கிடக்கிறது. சறுக்குவது வேறு, செங்குத்துப் பாறையில் தொய்வோடு விழுவது வேறு. "ரோப் கிராப் விலை அதிகம்" என்கிறார்கள். ஆமாம், அதிகம்தான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. காசு சேரும்வரை கீழே நின்று பிலே பிடிக்க, அதாவது விழுந்தால் கயிற்றை நிறுத்த, ஒரு நண்பரைக் கூப்பிடுங்கள். "இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே" என்பவர்களுக்குத்தான் அடுத்ததை எழுதுகிறேன்.

நான் சிங்கப்பூர் வந்த புதிதில், ஒரு வேலையிடத்தில் ரோப் கிராப் வேறு சைட்டுக்குப் போய்விட்டது என்று சொல்லி, பாதுகாப்புக் கயிற்றில் கைப்பிடி ஜும்மரை மாட்டச் சொன்னார்கள். புது ஆள், கடன், ஊரில் தங்கச்சி கல்யாணம். மாட்டிக்கொண்டேன். பதினான்காவது மாடி விளிம்பில் நான் தொங்கி வேலை செய்யும் முதன்மைக் கயிறு தளர்ந்திருந்த நேரத்தில் கால் வழுக்கியது. அரை மீட்டர்தான் விழுந்திருப்பேன். ஜும்மர் பிடித்தது, பிடித்த இடத்தில் உறை ஒரு சாண் நீளத்துக்கு உரிந்தது. உள்ளே வெள்ளை நூல்கள் தெரிந்தன. அந்த நூல்களைப் பார்த்துக்கொண்டே தொங்கினேன். மேலே இருந்த மலாய்க்கார அண்ணன் இறங்கி வந்து என்னைத் தன் கயிற்றுக்கு மாற்றும்வரை மூச்சு விடவே பயமாக இருந்தது. மறுநாள், கயிற்றை வெட்டிப் போடு, யாரிடமும் சொல்லாதே என்றார்கள். சொல்லவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அதனால்தான் இப்போது சொல்கிறேன். நான் பெயின்ட் அடித்தவன்தான். கண்ணாடி துடைத்தவன், சுவரில் விரிசல் அடைத்தவன். வாரத்துக்கு ஆறு நாள் கயிற்றில் தொங்கித்தான் இந்த ஊரில் பிழைத்தேன். பாறைக்கு ஒரு கயிறு, கட்டடத்துக்கு ஒரு கயிறு என்று விசை பார்த்து வராது தம்பி.

பல் வைத்தது ஏறுவதற்கு. மறுபடியும் சொல்கிறேன், ஏறுவதற்கு மட்டும். மாட்டினால் தொய்வில்லாமல் வைத்திருங்கள், இரண்டாவது கயிற்றில் விழுவதைத் தாங்கும் சாதனம் ஒன்றும் இருக்கட்டும்.

அன்று வெட்டிய துண்டு என் அலமாரியில் இருக்கிறது. வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு டெய்ரி ஃபார்மில் இருப்பேன், அதையும் எடுத்து வருகிறேன். வீடியோ போட்ட தம்பி வந்தால் கையில் வாங்கிப் பார்க்கட்டும். என் ரோப் கிராப்பையும் தருகிறேன், அன்று முழுக்க அதிலேயே ஏறட்டும்.