உன்னை யாரு இதைச் செய்யச் சொன்னது?

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், டெஸ்பாட்ச் செக்‌ஷனில் ஒருவர் இருந்தார். மீட்டிங்கில் வாயே திறக்க மாட்டார். ஆனால் அவர் மேஜை டிராயரில் ஒரு நோட்டு இருந்தது. திரும்பி வரும் ஒவ்வொரு பார்சலையும் அதில் குறித்து வைப்பார்: என்றைக்குப் போனது, என்றைக்குத் திரும்பியது, ஏன். யாரும் கேட்காமலே ஐந்து மாதம் எழுதியிருக்கிறார். பாதிக்கு மேல் ஒரே காரணம்தான். ஆர்டர் பதிகிற திரையில் கட்டட எண்ணுக்கும் வீட்டு எண்ணுக்கும் சேர்த்து ஒரே கட்டம். இரண்டில் ஒன்று விட்டுப்போகும். "இன்னொரு கட்டம் சேர்த்தா போதும் சார்" என்று நோட்டோடு மேனேஜரிடம் போனார்.

"உன்னை யாரு இதைச் செய்யச் சொன்னது?"

அவ்வளவுதான் பதில். நோட்டை டிராயரில் வைத்து மூடினார். அதன்பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. பக்கத்து சீட்டில் நான் இருந்தேன். அவருக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், பேசவில்லை. இன்றும் உறுத்துகிறது.

சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே, சொந்தத் தொழில் போல இழுத்துப் போட்டுச் செய்கிறவர்களுக்கு இன்ட்ராப்ரனர் என்று பெயர். அப்படிப்பட்ட ஆட்கள் வேண்டும் என்று எல்லா நிறுவனங்களும் சொல்கின்றன. தேர்ந்தெடுப்பதோ, பளிச்சென்று பேசுகிறவரைத்தான். என் அனுபவத்தில் கலகலப்பு ஒரு ஐடியாவை நாலு பேர் காதில் போடும், அதற்குமேல் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஐடியா பிறக்க, இருப்பதைப் புதிதாகப் பார்க்கிற மனசு வேண்டும். அது கரை சேர, ஐந்து மாதம் நோட்டு எழுதுகிற பொறுமை வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் அமைவது அபூர்வம்.

ஒட்டி உரித்து எடுக்கிற சின்னக் குறிப்புச் சீட்டு, போஸ்ட்-இட், அதன் கதையைப் பாருங்கள். 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் 1968-ல் வலுவான பசை செய்யப் போய், லேசாக ஒட்டி எளிதாக உரிந்து வரும் பசையைக் கண்டுபிடித்தார். எதற்குப் பயன்படும் என்று தெரியாமலே, வருடக்கணக்கில் சக ஊழியர்களிடம் அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். அங்கேயே வேலை பார்த்த ஆர்ட் ஃப்ரை தேவாலயத்தில் பாடுகிறவர். பாட்டுப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்த சீட்டுகள் விழுந்துகொண்டே இருந்த எரிச்சலில், 1974-ல் அந்தப் பசை அவர் நினைவுக்கு வந்தது. அமெரிக்கா முழுக்க விற்பனைக்கு வந்தது 1980-ல். ஒருவரின் பிடிவாதம், இன்னொருவரின் எரிச்சல், நடுவே 12 வருடம். வேலை நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த யோசனைகளுக்குச் செலவிட அந்த நிறுவனம் அனுமதித்திருந்ததையும் மறக்கக் கூடாது.

இதில் எனக்கு அதிகம் வருத்தம் தருவது இணக்கமான சுபாவம் உள்ளவர்களை நினைத்துத்தான். ஒரு மாற்றம் சொன்னால் அது யாரோ ஒருவரின் வேலையில் குறை சொன்னதாகிவிடும். பக்கத்து டிபார்ட்மென்ட் முகம் சுளிக்கும். நல்ல மனசுக்காரர்கள் அதை நினைத்தே வாயை மூடிக்கொள்வார்கள். அவர்களுக்கு யோசனையே கிடையாது என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். தனியாக உட்கார வைத்து, "இதில் உங்களுக்கு எது இடிக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள், கொட்டுவார்கள். எதற்கெடுத்தாலும் பதறுகிற ஆளும் அப்படித்தான். திட்டத்தை முதலில் அவரிடம் காட்டினால், எங்கே உடையும் என்று அன்றைக்கே சொல்லிவிடுவார்.

"அதெல்லாம் பிறவிக் குணம், சரியான ஆளை எடுத்தால் போதும்" என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பேட்மன், கிராண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1993-ல், சூழ்நிலைக்குக் கட்டுப்பட்டுக் கிடக்காமல் அதை மாற்ற முனைகிற குணத்தை அளக்க ஓர் அளவுகோல் தந்தார்கள். டெஸ்பாட்ச் ஆளிடம் அந்தக் குணம் நிறைய இருந்தது. யாரும் சொல்லாமல் செய்வதுதானே அந்தக் குணமே! அதைத்தான் அந்த ஒரு கேள்வி குற்றமாக்கியது. எத்தனை முறை அப்படிக் கேட்டால் ஒருவர் நிறுத்திக்கொள்வார்? அவருக்கு ஒரு முறை போதுமாக இருந்தது.

இப்போது எனக்குக் கீழே ஒரு சிறு டீம் இருக்கிறது. போன வாரம், அதிகம் பேசாத ஒரு பெண் ஒரு தாளோடு வந்து நின்றார். "எப்ப இருந்து இதைக் கவனிக்கிறீங்க?" என்றுதான் முதலில் கேட்டேன். அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம். அந்த யோசனை சரிப்படாது. ஏன் என்று காரணத்தோடு சொன்னேன். தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் வேறொரு தாளோடு வந்தார்.