கற்பூரப் பொட்டலம் ஃப்ளூவைத் தடுக்காது

"கற்பூரம், ஏலக்காயைக் கைக்குட்டையில் முடிந்து முகர்ந்தால் ஃப்ளூ அண்டாது" என்ற வாட்ஸ்அப் செய்தி மறுபடியும் சுற்றுகிறது. 2009 பன்றிக்காய்ச்சல் சமயத்திலும் இதே கதைதான். நம்பாதீர்கள். முகரும்போது மூக்கு திறந்தது போல இருக்கும், அவ்வளவுதான். வைரஸை அது ஒன்றும் செய்யாது. குழந்தையின் கழுத்தில் தயவுசெய்து கட்டிவிடாதீர்கள். கற்பூரத்தை விழுங்கிவிட்டால் வலிப்பே வரலாம்.

சரி, ஃப்ளூ எப்படிப் பரவுகிறது? இருமல், தும்மல். அப்புறம் கை. மூக்கைத் துடைத்த கை கதவுப் பிடியைத் தொடுகிறது. அடுத்தவர் அதையே தொட்டுக் கண்ணைக் கசக்குகிறார். இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சாதாரண சோப்பே அதைச் சிதைத்துவிடும். விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் சேர்த்து 20 விநாடி தேயுங்கள். தும்மல் வந்தால் முழங்கை மடிப்பில் தும்முங்கள். காய்ச்சலோடு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள்.