மனை விலை ஏறிவிட்டது என்று எனக்கு வாழ்த்துச் சொல்லாதீர்கள்

"உனக்கென்னப்பா, நீ இப்ப கோடீஸ்வரன்!"

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், வத்தக்குழம்பு ஊற்றுகிற நேரத்தில், தூரத்து உறவு மாமா ஒருவர் சொன்னது இது. அதற்கு முன்னால் ஆபீசில் ஒருவர் சொன்னார். அதற்கும் முன்னால் முடிவெட்டும் கடையில், கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டே சொன்னார்கள். எல்லோரிடமும் சிரித்து வைத்தேன். இனிமேல் சிரிக்கப் போவதில்லை. அந்தக் கோடி எங்கே இருக்கிறது, அதில் எனக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன்.

ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதையும் எடுத்து விளம்பரத்தில் போட்டுவிடுவார்கள். சென்னைக்குத் தெற்கே கூடுவாஞ்சேரியில் இறங்கி, திருச்சி போகிற ஜி.எஸ்.டி. சாலையை விட்டு உள்ளே போனால் வரும் ஊர்களில் ஒன்று, அவ்வளவு போதும். ஏரிகளின் மாவட்டம் என்று செங்கல்பட்டைச் சொல்வார்கள். எங்களுக்கும் ஓர் ஏரி, உபரி நீர் வழிய ஒரு கலங்கல், இரண்டு மதகு, அதை நம்பி நெல், நெல் முடிந்தால் வேர்க்கடலை. வண்டலூருக்கு உயிரியல் பூங்கா வந்தது 1985-ல். அப்போதெல்லாம் எங்கள் ஊருக்கு வழி கேட்பவர்களுக்கு "ஜூவைத் தாண்டி" என்று சொல்வோமாம். சிங்கத்தைத் தாண்டி வந்து குடியேற யார் வரப்போகிறார்கள் என்று தாத்தா நினைத்திருப்பார் போல. 1996-ல் அத்தை கல்யாணத்துக்காக இரண்டு காணி நிலத்தை விற்றுவிட்டார். இப்போது அதில் நூற்றுச் சொச்சம் கான்கிரீட் கற்கள் மஞ்சள் பெயின்ட் அடித்து நிற்கின்றன.

மிச்சம் இருப்பது நாங்கள் குடியிருக்கும் வீடும் பின்கட்டும்தான். ஏழு சென்ட். இன்றைக்கு எங்கள் தெருவில் சதுர அடி 5,000 என்கிறார் தரகர். ஏழு சென்ட் என்றால் சுமார் 3,050 சதுர அடி. ஆக, ஒன்றரைக் கோடி. மாமா சொன்ன கோடி இதுதான்.

சரி, இதில் அப்பாவுக்கு ஒரு பங்கு, சித்தப்பாவுக்கு ஒரு பங்கு, அத்தைக்கு ஒரு பங்கு. தலைக்கு ஐம்பது லட்சம். அப்பாவின் ஐம்பதில் எனக்கும் தம்பிக்கும் பாதிப் பாதி. இருபத்தைந்து லட்சம். அந்த இருபத்தைந்து லட்சத்தை எடுத்துக்கொண்டு இதே ஊரில் அறுநூறு சதுர அடி மனை கேட்டுப் போனால், முப்பது லட்சம் என்கிறார்கள். வீடு கட்ட அல்ல, வெறும் மண்ணுக்கு. கோடீஸ்வரன் என்று பந்தியில் உட்காரவைத்த ஆள், கணக்கு முடிகிறபோது ஐந்து லட்சம் கடன்காரனாக, குடியிருக்க வீடு இல்லாமல் தெருவில் நிற்கிறான். இதற்கா வாழ்த்து?

அத்தை பங்கு கேட்டதில் தவறு இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குச் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-ல். அத்தை கல்யாணம் அதற்கு அப்புறம்தான். ஆனால் சென்ட் இருபதாயிரம் போன காலத்தில் இந்தப் பேச்சே எழவில்லை. அத்தை தீபாவளிக்கு வருவார், அதிரசம் சுடுவார், புடவை வாங்கிக்கொண்டு போவார். சதுர அடி நாலாயிரத்தைத் தொட்ட வருடம் அத்தையின் மருமகன் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் "உன் கல்யாணத்துக்குத்தானே காணியையே வித்தோம்" என்று யாரோ வாயை விட்டார்கள். அதோடு சரி. பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தருவதா, பாகப் பிரிவினை வழக்குப் போடுவதா என்று இரண்டு வருடமாக வக்கீல் மூலமாகத்தான் பேசிக்கொள்கிறோம். அதிரசம் வருவதில்லை. எங்கள் தெருவில் மட்டும் இப்படி நாலு வீடு. விலை ஏறினால் அண்ணன் தம்பி எல்லாம் ஒரே கட்டிடத்துக்குள் எதிரும் புதிருமாக இரண்டு சமையலறையில் உலை வைக்கிறார்கள். விற்கவும் முடியாது, இடித்துக் கட்டவும் முடியாது. கூரை ஓட்டைக்கூட மாற்ற முடியாமல் ஒழுகுகிற வீட்டில், அலுமினிய அண்டாவை வைத்துத் தண்ணீர் பிடிக்கிற கோடீஸ்வரர்கள் நாங்கள்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை வேன்கள். காலை பத்து மணிக்கு வரிசையாக வரும். கழுத்தில் அடையாள அட்டை மாட்டின பையன்கள் குடை பிடித்து இறக்குவார்கள். பிரியாணி உண்டு, குலுக்கலில் தங்கக் காசு உண்டு. நுழைவாயிலில் ஏதோ வெளிநாட்டு அரண்மனைக்குப் போகிற மாதிரி ஒரு வளைவு. உள்ளே கொடிகளும் இரண்டு அடி ஈச்சங்கன்றுகளும் தவிர ஒன்றும் கிடையாது. கன்றுகள் அடுத்த ஞாயிறு அடுத்த லேஅவுட்டில் நிற்கும். நான் அடையாளம் வைத்தே பார்த்திருக்கிறேன்.

2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தார்கள். கோயம்பேட்டில் நின்ற வெளியூர் பஸ்கள் இந்தப் பக்கம் நகர்ந்தன. நல்ல விஷயம்தான், நானும் அதில்தான் திருச்சி போகிறேன். ஆனால் அது திறப்பதற்குப் பல வருடம் முன்பே, தூண் எழும்பாதபோதே, "பேருந்து நிலையத்திலிருந்து 10 நிமிடம்" என்று எங்கள் கடலைக் கொல்லையை விற்றாகிவிட்டது. பத்து நிமிடம் பொய் இல்லை. அதிகாலை மூன்று மணிக்கு, ஊரப்பாக்கத்தில் ஒரு லாரியும் குறுக்கே வராமல் இருந்தால் பத்து நிமிடம். பொங்கலுக்கு முதல் நாள் சாயந்திரம் அதே பத்து நிமிடத்தை ஒன்றரை மணி நேரமாக நான் ஓட்டியிருக்கிறேன். 2022-ல் சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்து அரசாணை வந்தது. அதற்கும் ஒரு நோட்டீஸ், கதவிடுக்கில்: "நீங்கள் இனி பெருநகரவாசி!" சரி, பெருநகரவாசிக்குக் குடிநீர்? அது தெருமுனையில் டேங்கர் லாரியில், காசு கொடுத்தால்.

தண்ணீர்க் கதையைக் கேட்டால் இன்னும் வயிறு எரியும். எங்கள் வீட்டுக் கிணற்றில் முன்பு வாளியை எட்டி விட்டாலே தண்ணீர். இப்போது தெருவுக்கு முப்பது போர்வெல், ஒவ்வொன்றும் முந்தினதைவிட ஆழம். கிணறு மார்ச்சிலேயே காய்கிறது. அதே தண்ணீர் நவம்பர், டிசம்பரில் வேண்டாம் வேண்டாம் என்றாலும் வீட்டுக்குள் வரும். வராமல் என்ன செய்யும்? வயலாக இருந்த இடத்தில் ஒரு மழை முழுக்க நின்று இறங்கும். அதை மண்ணடித்து நாலு அடி உயர்த்தி மனை போட்டார்கள். கலங்கலிலிருந்து போகிற கால்வாய், வரைபடத்தில் அகலமாக இருக்கும், நேரில் போய்ப் பார்த்தால் பன்னிரண்டு அடி சாலைக்குக் கீழே இரண்டு குழாய். பஞ்சாயத்து அப்ரூவல் என்று எதை எதையோ விற்றுக்கொண்டிருந்த காலத்துப் புண்ணியம் அது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டது. அதற்குள் எங்கள் ஊரில் போட வேண்டிய கல்லையெல்லாம் போட்டு முடித்திருந்தார்கள். ஏரிக்குப் பின்பக்கம் ஒரு லேஅவுட்டை, ஏரியைப் பார்த்துக்கொண்டே வாழலாம் என்று சொல்லி விற்றார்கள். 2015 டிசம்பரில் ஏரியே நேரில் வந்து அவர்களைப் பார்த்துவிட்டுப் போனது.

சிரிப்புக்குச் சொல்லவில்லை. அந்த வருடம் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு ஓடியது எல்லோருக்கும் தெரியும். 2021-ல் நந்திவரம் ஏரி நிரம்பி வழிந்தபோது மகாலட்சுமி நகரில் வீட்டுக்குள் தண்ணீர். இந்தப் பக்கத்து ஏரிகள் ஒன்றுக்கொன்று சங்கிலி போட்ட மாதிரி, ஒன்றின் உபரி அடுத்ததற்குப் போய்க் கடைசியில் அடையாறு. நடுவில் ஒரு கண்ணியை அறுத்து அங்கே போர்ட்டிகோ வைத்த வீடு கட்டினால், தண்ணீர் போர்ட்டிகோவில்தான் காரை நிறுத்தும். அந்த வெள்ளத்துக்கு அப்புறமாவது விலை கொஞ்சம் இறங்கும் என்று பார்த்தேன். ஒரு பொங்கல் வரைக்கும் பேச்சு இல்லை. தை பிறந்ததும் சதுர அடிக்கு நூறு ரூபாய் கூடியது.

வேலையையும் விலையையும் முடிச்சுப் போட்டுச் சிலர் சமாதானம் சொல்வார்கள், கம்பெனி வந்தால் விலை ஏறத்தான் செய்யும் என்று. மறைமலைநகரில் ஃபோர்டு கார் உற்பத்தி 2022-ல் நின்றது. எங்கள் ஊரில் மனை விலை அன்றைக்கும் ஒரு ரூபாய் இறங்கவில்லை. ஏறுவதற்கு மட்டும் ஆயிரம் காரணம்.

நான் மனை வாங்கப் போன கதைக்கு வருகிறேன். அந்த அறுநூறு சதுர அடி, முப்பது லட்சம். விற்கிறவர் நாற்காலி போட்டு, காபி கொடுத்து, மரியாதையாகத்தான் சொன்னார்: "பத்திரத்துல பன்னெண்டு காட்டிக்கலாம் சார், மீதி பதினெட்டு கையில குடுத்துடுங்க." நான் மாதச் சம்பளக்காரன். வங்கி கடன் தருவது பத்திரத்தில் இருக்கிற பன்னிரண்டுக்கு. அதிலும் முக்கால் பங்குதான், ஒன்பது லட்சம். மீதி மூன்றும் அந்தப் பதினெட்டும் சேர்த்து இருபத்தொரு லட்சத்தைப் பணமாக, பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். அதோடு பதிவுச் செலவு. 2017-ல் அரசு நிர்ணயிக்கிற வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள், பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய இடத்துக்கே ஏற்றினார்கள், கட்டணத்தை 2 ஆக்கினார்கள். முத்திரைத் தீர்வை 7 அப்படியே. தோசையை எந்தப் பக்கம் திருப்பினாலும் கல்லில் ஒட்டுவது நாம்தான்.

இதில் யார் வாங்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள். கணக்கில் வராத பணம் வைத்திருப்பவன் வாங்கலாம். ஏற்கெனவே ஒன்றை விற்றுவிட்டு வருபவன் வாங்கலாம். ஊரில் பிறந்து, ஊர்ப் பள்ளியில் படித்து, பக்கத்து ஊர்க் கம்பெனியில் முப்பத்தெட்டாயிரம் சம்பளம் வாங்குபவனுக்கு மட்டும் வழி அடைத்திருக்கிறது. அந்தப் பதினெட்டு லட்சத்தால்தான் விலை ஏறுகிறது, தெரியுமா? அப்படிப் பணமாகக் கொடுத்து வாங்குபவர்களுக்கு அது வீடு இல்லை, உண்டியல். எங்கள் ஊரில் மாலை ஆறு மணிக்கு மேல் மொட்டை மாடியில் நின்று பார்த்தால் விளக்கு எரியாத மனைகள்தான் அதிகம். பத்து வருடமாக ஒருவர் வந்து முள்வேலியைச் சரிபார்த்துவிட்டுப் போகிறார், முருங்கைகூட நட மாட்டேன் என்கிறார்.

புதிதாக வந்து குடியேறியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருந்தது, கூழ் ஊற்றுகிற அன்றைக்கு ஒலிபெருக்கியைக் குறைக்கச் சொல்லி அவர்கள் போலீசுக்குப் போன் போட்டபோது. பிறகு எதிர்வீட்டு அக்கா ஒரு நாள் இ.எம்.ஐ. கணக்கைச் சொன்னார். இருபது வருடத் தவணை, இரண்டு பேர் சம்பளம், இரண்டு பேரும் காலை ஆறரை மின்சார ரயில். அவர்களும் தாம்பரத்தில் முடியாமல்தான் இங்கே வந்தவர்கள். தாம்பரத்துக்காரர் எங்கே முடியாமல் அங்கே வந்தாரோ.

டீக்கடை அண்ணன் கடையைக் காலி பண்ணிவிட்டார். இடத்துக்காரர் வாடகையை மூன்று மடங்காக்கினார். இப்போது அங்கே ஒரு ரியல் எஸ்டேட் ஆபீஸ். ஏ.சி. போட்டிருக்கிறார்கள். டீ கேட்டால் கொடுக்கிறார்கள், கூடவே ஒரு லேஅவுட் வரைபடமும்.

போன வாரம் நானும் மனைவியும் அச்சிறுபாக்கம் வரைக்கும் போனோம். இதே ஜி.எஸ்.டி. சாலைதான், மதுராந்தகத்தையும் தாண்டி. திரிபுரம் எரிக்கக் கிளம்பிய சிவனின் தேர் அச்சு முறிந்து நின்ற இடம் அது என்று தலபுராணம் சொல்லும். எங்கள் பட்ஜெட்டும் அங்கே போய்த்தான் நின்றது. நல்ல இடம், சுற்றிலும் வயல், கிணற்றில் தண்ணீர் தெரிகிறது. டோக்கன் அட்வான்ஸ் இருபதாயிரம் கொடுத்துவிட்டு ரோட்டோரக் கடையில் டீ சொன்னோம்.

கடைக்காரர் பெரியவர். "எந்த ஊருங்க?" என்றார். சொன்னேன்.

"ஓ, மெட்ராஸா" என்றார். கூடுவாஞ்சேரி பெரியவரே, மெட்ராஸ் இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் சொன்னார்: "இவங்கல்லாம் வந்து வந்துதான்யா நம்ம ஊர்ல வெலய ஏத்திவுட்டாங்க. எம்மவன் ஒரு ரெண்டு சென்ட்டு வாங்கலாம்னு பாக்கறான், முடியல."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் டீக்குக் காசை எடுத்து வைத்தேன்.