கன்னி மூலையில் ஆயிரம் லிட்டர்

போன மாதம் ஒரு மதியம், சமையல்கட்டில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த தம்ளர்கள் கிணுகிணுவென்று ஆடின. கூடவே ஜன்னல் கண்ணாடியும். இரண்டு நொடி இருக்கும், அவ்வளவுதான்.

எங்கள் வீடு அவிநாசிக்கும் அன்னூருக்கும் நடுவே தோட்டத்துக்குள் இருக்கிறது. இந்தப் பக்கம் இப்படி ஆடினால் யாரும் பதறுவதில்லை. கல்குவாரியில் வெடி வைத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அன்றைக்கும் அது வெடிதான். ஆனால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாக வந்ததில் ஒரு நிமிடம் எல்லோருக்குமே நிலநடுக்கமோ என்று சந்தேகம் தட்டிவிட்டது. அந்த ஒரு நிமிடத்தில் நாங்கள் நாலு பேரும் செய்த காரியத்தைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மகன் மாடியிலிருந்து மூன்று மூன்று படியாகத் தாண்டிக் கீழே ஓடி வந்தான். வீட்டுக்காரர் வாசலுக்குப் போய், சரியாக சன்ஷேடுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். நான் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்று, தம்ளர் விழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். அத்தை மட்டும் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே, "வெடீங் கண்ணு, போய் வேலையப் பாரு" என்றார். தலைக்கு மேலே கட்டடம் எதுவும் இல்லாத இடத்தில் இருந்தவர் அவர் ஒருவர்தான். அதுவும் அறிந்து செய்ததல்ல, வெயிலுக்குப் போய்ப் படுத்தது.

சாயங்காலம் பேச்சு வந்தபோது எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "நம்ம பக்கமெல்லாம் வராது." கொங்கு நாட்டின் அடியில் இருப்பது பழைய கெட்டிப் பாறை, அது அசையாது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை அப்படியே வைத்திருக்கிறோம். பாறை பழையது என்பது உண்மை. அசையாது என்பதுதான் பொய். 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் தேதி, விடியாத சாமத்தில், கோயமுத்தூர் ஆடியிருக்கிறது. ரிக்டர் கணக்கில் ஏறக்குறைய 6. மையம் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம். கோவையிலும் குன்னூரிலும் கட்டடங்கள் சேதமாயின. தென்னிந்தியாவில் பெரும்பகுதி அதை உணர்ந்தது. நாட்டின் நில அதிர்வு வரைபடத்தில் கோவை பல ஆண்டுகளாக மூன்றாம் மண்டலத்தில், அதாவது மிதமான ஆபத்துப் பட்டியலில் இருந்து வந்திருப்பதும் சும்மா இல்லை. அந்தப் பாறைக்குள்ளேயே பவானி, மோயாறு, பாலக்காடு என்று பழைய பிளவுப் பட்டைகள் ஓடுகின்றன.

ஆறு என்றால் என்ன பெரிதாக என்று கேட்கலாம். மகாராஷ்டிரத்தில் லாத்தூர் பக்கம் கில்லாரி என்ற ஊர். 1993 செப்டம்பர் 30, விடிகாலை நாலு மணிக்குச் சற்று முன்னால். அளவு 6.2. அதுவும் நம்மைப் போலவே கெட்டிப் பாறை நாடு. ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலம் என்று வரைபடத்தில் குறித்து வைத்திருந்த இடம். பத்தாயிரம் பேர் அளவுக்குச் செத்துப்போனார்கள். அங்கே இருந்த வீடுகள் எப்படி என்று படித்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கருங்கல்லை மண்ணில் வைத்துக் கட்டிய தடித்த சுவர், அதன்மேல் பாரமான கூரை. என் அப்புச்சி வீடும் அப்படித்தான். கோடையில் என்ன குளுகுளுப்பு என்று நாம் பெருமை பேசுகிறோமே, அதே சுவர். இரண்டு பக்கமும் கல் அடுக்கி, நடுவில் மண்ணும் சல்லியும் நிரப்பியது. ஆடும்போது உள்பக்கம் ஒரு திசையிலும் வெளிப்பக்கம் இன்னொரு திசையிலும் பிரிந்து சரியும்.

சரி, அது பழைய வீடு. புது வீட்டுக்கு வருவோம். அதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

வீடு கட்டுவதில் நம் ஆட்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆயுசு முழுக்கச் சேர்த்ததைக் கொட்டிக் கட்டுவோம். நாங்களும் மூன்று வருடம் முன்னால் கட்டினோம். வாஸ்து பார்க்கிறவரைக் கூட்டிவந்தோம். அவர் சொன்னார் என்று, எழுப்பிய சுவரை இடித்து, வாசல்காலை ஒன்பது இஞ்சு தள்ளி வைத்தோம். ஒருவரும் செலவைப் பற்றி வாய் திறக்கவில்லை. முகப்புக்குக் கிரானைட், மாடிப்படிக்கு எவர்சில்வர் கைப்பிடி. தண்ணீர்த் தொட்டி கன்னி மூலையில்தான் உயரமாக இருக்க வேண்டும் என்றார். மொட்டைமாடியில் நாலு செங்கல் தூணை எழுப்பி, அதன்மேல் ஆயிரம் லிட்டர் தொட்டியை உட்கார வைத்தோம். ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன். ஒரு டன்னைக் கம்பியில்லாத செங்கல் தூணின் தலையில் வைத்துவிட்டு, அதற்கு நேர் கீழே இருக்கும் அறையில் படுத்துக்கொண்டோம்.

இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. தெரியவைத்தது பெரியம்மா மகன், அண்ணன். சிவில் படித்தவர். மேல்தளத்துக்குப் பில்லர் கம்பி கட்டிக்கொண்டிருந்த நாளில் எதேச்சையாக வந்தார். கிரானைட்டைப் பார்க்கவில்லை, வாசல்காலைப் பார்க்கவில்லை. நேராகப் பில்லர் கம்பியிடம் போய்க் குனிந்து, ரிங்கைத் தொட்டுப் பார்த்தார்.

ரிங் தெரியும்தானே? பில்லரில் நெட்டுக்கு நிற்கும் கம்பிகளைச் சுற்றி, சதுரமாக வளைத்து மாட்டுவார்களே, அது. அண்ணன் எனக்குச் சொன்ன விளக்கம்: சோளத்தட்டுக் கட்டை நினைத்துக்கொள். கட்டுக் கயிறு இறுக்கமாக இருக்கும்வரை தட்டு நிமிர்ந்து நிற்கும். கயிறு அவிழ்ந்தால் தட்டு நாலாபுறமும் சரியும். நிலம் ஆடும்போது பில்லரின் மேல்தோல் உதிரும். அப்போது உள்ளே இருக்கும் கான்கிரீட்டைச் சிதறவிடாமலும், நெட்டுக்கம்பி புடைத்து வெளியே வராமலும் பிடித்து நிறுத்துவது அந்த ரிங் மட்டும்தான். அதன் இரண்டு முனையும் கொக்கிபோல நன்றாக உள்ளுக்கு மடங்கி, கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்க வேண்டும். கணக்குப்படி 135 டிகிரி. எங்கள் வீட்டில் எல் மாதிரி வெறும் செங்கோணத்தில் மடக்கி விட்டிருந்தார்கள். தோல் உதிர்ந்ததும் அந்த முனை விரிந்துவிடும். அப்புறம், பில்லரின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ரிங் நெருக்கமாக, நாலு இஞ்சு இடைவெளிக்குள் வர வேண்டுமாம். எங்களுடையது மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி, எட்டு இஞ்சு.

அண்ணன் மேஸ்திரியிடம் பக்குவமாகத்தான் கேட்டார். மேஸ்திரிக்குக் கோபம். "ஏனுங், இருவத்தஞ்சு வருசமா இப்பிடித்தானுங் கட்டறன். நாங் கட்டுன ஊடு ஒண்ணு உளுந்துச்சுன்னு சொல்லுங்க பாக்கலாம்." பதில் சொல்ல முடியாத கேள்விதான். நூற்றிருபது வருடமாகப் பரீட்சை நடக்காத பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பாஸ்.

கடைசியில் மேல்தளப் பில்லர்களை அவிழ்த்து மறுபடி கட்டினார்கள். கூடுதலாக ஆனது ஒன்றரை நாள் கூலியும் கொஞ்சம் கம்பியும். வாசல்காலைத் தள்ளிவைத்த செலவில் பாதிகூட இல்லை. ஆனால் கீழ்த்தளப் பில்லர்கள் அதற்கு முன்பே கான்கிரீட் போட்டு மூடியாகிவிட்டது. அவற்றுக்குள் எப்படிப்பட்ட ரிங் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் தினமும் அந்த வீட்டில் தூங்குகிறேன்.

மேஸ்திரியை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. நாங்கள் கேட்டதையெல்லாம் அவர் செய்தார். நாங்கள் கேட்டது வாசல்காலை. வாஸ்து பார்க்க வேண்டாம் என்று இங்கே சொன்னால் கமெண்டில் என்னைப் பந்தாடுவீர்கள், அதனால் சொல்லவில்லை. பார்க்கிற நாளிலேயே ரிங்கையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள். கான்கிரீட் போட்டுவிட்டால் அப்புறம் சாமி வந்தாலும் பார்க்க முடியாது. பில்லர் இல்லாமல் செங்கல் சுவர்மேலேயே கட்டுகிறவர்கள், ஜன்னல் தலைக்குமேல் துண்டு துண்டாக லிண்டல் போடாமல், வீட்டைச் சுற்றி எல்லாச் சுவரிலும் ஒரே இழுவையாகப் பெல்ட் கான்கிரீட் போடச் சொல்லுங்கள். பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டுகிற மாதிரி அது சுவர்களை ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

டவுனில் வேறொரு கூத்து. கீழே கார், மேலே வாடகை. தரைத்தளத்தில் சுவரே இல்லாமல் வெறும் பில்லர், அதன்மேல் மூன்று மாடி நிறையச் சுவர். காலை மெலியவிட்டு உடம்பைப் பெருக்கவிட்ட கட்டடம். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் பூகம்பம் வந்தபோது, மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் விழுந்த அடுக்குமாடிகளில் பல இந்த ரகம். இப்போது திருப்பூரிலும் கோவையிலும் தெருவுக்குத் தெரு இதுதான் மாடல். பில்லருக்கு நடுவே சில இடங்களில் கான்கிரீட் சுவர் வைத்தாலே கால் பலப்படும். கார் ஒன்று குறைவாக நிற்கும், அவ்வளவுதான்.

திருப்பூரில் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். பேர் வேண்டாம். மூன்றாவது மாடி. மாடிப்படி முழுக்கத் துணி ரோல். இன்னொரு வாசல் இருந்தது, பீஸ் திருட்டுப் போகிறது என்று பூட்டியே கிடக்கும். அன்றைக்கு எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. நிலநடுக்கம் வேண்டாம், ஒரு தீப்பொறி போதும். சுவர் விழ நிலநடுக்கமும் தேவையில்லை. 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய காம்பவுண்டுச் சுவர் வீடுகள்மேல் சாய்ந்து 17 பேர் போனார்களே, மறந்துவிட்டோமா?

அன்று சாயங்காலம் நானும் மகனும் அறை அறையாகப் போய், ஆடினால் எது தலையில் விழும் என்று பார்த்தோம். அட்டாலியில் கட்டில் தலைக்கு நேராகப் பித்தளை அண்டா இரண்டு, என் சீர்வரிசை. கீழே இறக்கியாயிற்று. பீரோவை எல் வடிவப் பட்டை வைத்துச் சுவரோடு திருகினோம். கண்ணாடிப் படம் மாட்டிய ஆணியைக் கட்டிலுக்கு மேலிருந்து எடுத்தோம். ஒவ்வொரு கட்டிலுக்குக் கீழேயும் ஒரு டார்ச், ஒரு ஜோடி செருப்பு. செருப்பு எதற்கு என்று வீட்டுக்காரர் சிரித்தார். இருட்டில் உடைந்த கண்ணாடிமேல் வெறுங்காலோடு நடக்கப் போகிறவர் அவர்தான். கன்னி மூலைத் தொட்டிக்கு மட்டும் இன்னும் வழி செய்யவில்லை. இரும்பு ஸ்டாண்டு அடித்துத் தளத்தோடு போல்ட் போடலாம் என்று வெல்டர் சொல்லியிருக்கிறார்.

ஆடும்போது என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓடக்கூடாது. இந்த அளவு அதிர்வில் பலமான ஆட்டம் பெரும்பாலும் பத்து இருபது விநாடிதான். அந்த நேரத்துக்குள் மாடியிலிருந்து வாசலுக்குப் போக முடியாது. படிக்கட்டில் விழுந்தோ, வாசலில் சன்ஷேடும் கைப்பிடிச் சுவரும் மேலே விழுந்தோதான் அடிபடுவோம். குனிந்து, கெட்டியான மேசைக்கடியில் புகுந்து, அதன் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேசை நகர்ந்தால் நாமும் கூடவே நகரலாம். படுக்கையில் இருந்தால் எழுந்திருக்காமல் தலையணையால் தலையையும் கழுத்தையும் மூடிக்கொள்ளலாம். லிப்ட் வேண்டவே வேண்டாம். மண்ணில் கட்டிய கல்வீட்டில் வாசலை ஒட்டி நிற்கிறவர் மட்டும் இரண்டே எட்டில் வெட்டவெளிக்கு வந்துவிடுவது நல்லது. வெளியே இருப்பவர் சுவரையும் கரண்டுக் கம்பத்தையும் விட்டு விலக வேண்டும். அவிநாசி ரோட்டு மேம்பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தி வீடியோ எடுக்கக்கூடாது. சிரிக்காதீர்கள், எடுப்பார்கள்.

நின்றதும் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள். கேஸ் வாசம் வந்தால் லைட் சுவிட்சைத் தொடாதீர்கள். பின்னதிர்வு வரும் என்பதால், வெளியே வந்தபின் நகை எடுக்க, போன் எடுக்க என்று மறுபடி உள்ளே போகாதீர்கள். போன் லைன் அடைத்துக்கொள்ளும், மெசேஜ் போகும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. ஆண்ட்ராய்டு போனில் நிலநடுக்க எச்சரிக்கை என்று ஒன்று 2023 முதல் நம் நாட்டிலும் இருக்கிறது, செட்டிங்கில் பாருங்கள். அது மையத்தில் நிலம் ஆடத் தொடங்கியபின், அந்த ஆட்டம் நம் இடத்துக்கு வந்து சேரச் சில விநாடி முன்கூட்டி வரும் தகவல் மட்டும்தான். இன்ன தேதி இத்தனை மணிக்கு வரும் என்று சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது. "நாசா சொல்லிவிட்டது, இன்று இரவு பத்து மணிக்கு" என்று குரூப்பில் அனுப்புகிற மாமாக்கள் கவனிக்கவும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒத்திகை வைத்தேன். மகன் விசில் ஊதினான். நாங்கள் மூவரும் சாப்பாட்டு மேசைக்கடியில் புகுந்தோம். வீட்டுக்காரர் முழங்காலில் வலி என்று முனகினார், ஆனாலும் புகுந்தார். அத்தைக்கு எழுபத்தாறு வயது, குனிய வராது. உட்கார்ந்த இடத்திலேயே தலைக்குத் தலையணை என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். அவரோ தலையணையை மடியில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்து வெளியே வந்ததும் கேட்டார்:

"ஏங் கண்ணு, நாமெல்லாம் டேபிளுக்கடீல பூந்துக்கறோம். கட்டுத்தறைல நிக்கற மாட்ட ஆரு அவுத்து உடுவா?"

எங்கள் கட்டுத்தறை மாமனாரின் அப்பா காலத்தது. நாலு கல்தூண், மேலே பனஞ்சட்டம், அதன்மேல் ஓடு. தூணுக்கும் சட்டத்துக்கும் நடுவே பிடிப்பு என்று எதுவும் கிடையாது, சும்மா உட்கார்ந்திருக்கிறது. அடியில் இரண்டு எருமை, ஒரு கன்று. நான் அதைப் பற்றி நினைக்கவே இல்லை. அன்று பொழுதுசாய நாங்கள் மூன்று பேரும் போய் அந்தத் தூண்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தோம். தெற்கோரத்துத் தூண் ஆடியது. வருகிற புதன்கிழமை மேஸ்திரி வருகிறார், அதே மேஸ்திரிதான். கன்றை மட்டும் அதுவரை வேப்பமரத்தடிக்கு மாற்றிக் கட்டியிருக்கிறோம்.