சிவப்பு உறை

2000-களில் அமெரிக்காவில் இருந்தவர்களுக்கு அந்தச் சிவப்பு உறை மறந்திருக்காது. தபால் பெட்டியைத் திறந்தால் கரண்ட் பில்லுக்கும் கடை விளம்பரங்களுக்கும் நடுவே பளிச்சென்று தெரியும். நெட்ஃபிளிக்ஸ் அனுப்பிய டிவிடி. பார்த்து முடித்ததும் அதே உறையில் போட்டு ஒட்டித் திருப்பி அனுப்பலாம், தபால்தலைகூட வேண்டாம். பட்டியலில் நாம் அடுத்து எழுதி வைத்த படம் கிளம்பி வரும்.

நான் அப்போது ஓஹையோவில் ஒரு சின்ன ஊரில் இருந்தேன். அங்கிருந்த வாடகைக் கடையில் புதுப்படம் ஒன்றே அலமாரி முழுக்க அடுக்கியிருக்கும். இரானியப் படம் கேட்டால் கிடைக்காது. ஒருநாள் தாமதமானாலும் அபராதம். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் உலக சினிமா பார்த்தது முழுக்கத் தபால்காரர் புண்ணியத்தில்தான்.

ரீட் ஹேஸ்டிங்ஸும் மார்க் ராண்டால்ஃபும் 1997-இல் தொடங்கிய நிறுவனம் அது. வீடியோ கேசட் கனம், தபாலுக்குச் சரிப்படாது. டிவிடி மெலிசு. உடையாமல் போய்ச் சேருமா என்று பார்க்க, முதலில் ஒரு பாட்டு சிடியை உறையில் போட்டு ஹேஸ்டிங்ஸ் வீட்டுக்கே அனுப்பிப் பார்த்தார்கள். 1999-இல் மாதச் சந்தா வந்தது. கெடு தேதி கிடையாது, அபராதம் கிடையாது. மறு வருடம் நெட்ஃபிளிக்ஸை 5 கோடி டாலருக்கு வாங்கிக்கொள்ளச் சொன்னபோது, அப்போது பெரிய வீடியோ வாடகைக் கடை நிறுவனமாக இருந்த பிளாக்பஸ்டர் மறுத்துவிட்டது. 2010-இல் அந்த பிளாக்பஸ்டரே திவாலானது.

2007-இல் ஸ்ட்ரீமிங் வந்தது, தபால் மெல்ல ஒதுங்கியது. 2023 செப்டம்பர் 29-ஆம் தேதி கடைசி உறைகள் கிளம்பின. அதுவரை போன தட்டுகள் 500 கோடிக்கும் மேல்.

"காலம் மாறிவிட்டது, இதற்கெல்லாம் வருத்தப்படலாமா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தட்டுக்காக நான் வருத்தப்படவில்லை. அமெரிக்கச் சட்டப்படி, காசு கொடுத்து வாங்கிய டிவிடியை வாடகைக்கு விட ஸ்டுடியோவின் அனுமதி தேவையில்லை. கடையில் ஒரு பிரதி வாங்கினால் போதும். அதனால்தான் ஒரே நிறுவனத்திடம் ஒரு லட்சம் தலைப்புகள் வரை சேர்ந்தன. பழைய படம், ஊர் பேர் தெரியாத ஆவணப்படம், எல்லாம் ஒரே பட்டியலில். ஸ்ட்ரீமிங்கில் அந்த உரிமை இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் ஒப்பந்தம், ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் ஒரு முடிவுத் தேதி. போன மாதம் இருந்த படம் இந்த மாதம் இருக்காது, சந்தா மட்டும் அப்படியே போகும். இது வெறும் தொழில்நுட்ப மாற்றம் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பார்வையாளர் கையில் இருந்த ஒன்று போய்விட்டது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

கடைசியாக வந்த தட்டுகளைத் திருப்பி அனுப்ப வேண்டாம், வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு வந்தது ஓர் இரானியப் படம். இன்று மூன்று செயலிகளுக்குச் சந்தா கட்டுகிறேன். போன வாரம் மகளுக்குக் காட்டலாமென்று தேடினேன். மூன்றிலும் இல்லை. அப்புறம் அலமாரியிலிருந்து அந்த உறையை எடுத்தேன்.